உபுண்டுவில் என்விடியா டிரைவர்: மதிப்பெண் யாருக்குப் போடுவது?

லினக்ஸில் என்விடியா கிராபிக்ஸ் கார்டா, வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி பழைய கதை. மீதிப் பாதி உண்மைதான், ஆனால் அவர்கள் விரல் நீட்டும் இடத்தில் அது இல்லை.

கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்ட்களுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வாக்த்ரூ செய்து கொடுப்பது என் பிழைப்பு. இன்னும் அஸ்திவாரம்கூடப் போடாத வீட்டுக்குள் வாசலில் நுழைந்து பூஜை அறை வரை நடந்து போவது போலக் காட்டுகிற வீடியோ. கிராபிக்ஸ் கார்டு ஓடவில்லை என்றால் அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. அதனால் கார்டை ஓட்டுகிற மென்பொருளான டிரைவரை ஆராய்ச்சிக்காகப் பார்க்கிற ஆள் நான் இல்லை, கரண்ட் பில் மாதிரி கட்டியே ஆகவேண்டிய ஒன்றாகப் பார்க்கிறேன். எழுதப்போவதும் அந்தக் கணக்கில்தான்.

வீட்டில் மூன்று கணினிகள், மூன்றிலும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04. என் டெஸ்க்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. என் லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3050, 4 ஜிபி. தம்பியின் கணினியில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600.

தம்பியின் கதை சின்னது, முதலில் அதை முடித்துவிடலாம். கார்டைச் செருகினான், ஆன் செய்தான், ஸ்டீமைத் திறந்து விளையாட உட்கார்ந்தான். நிறுவல் என்று எதுவும் கிடையாது. ஏஎம்டிஜிபியு என்கிற டிரைவர் 2015-இல், 4.2 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது. டிரைவரின் மேல்பாதியான, கேம்களும் செயலிகளும் நேராகப் பேசுகிற மேசாவும் உபுண்டுவுடனேயே வருகிறது. கேம் ஆடுவதற்கு மட்டும் கார்டு வாங்குபவர்கள் இந்த மதிப்புரையை இங்கேயே மூடிவிட்டு ரேடியான் வாங்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே கணினியில் என் பிளெண்டர் கோப்பைத் திறந்து அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இயந்திரத்தில் ரெண்டர் போட வேண்டுமென்றால் ஹிப் என்கிற ஏஎம்டி மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். லினக்ஸில் அந்த வசதி பிளெண்டருக்கு வந்ததே 2022-இல், 3.2 பதிப்பில்தான். கார்டிடம் கணக்கு வேலை வாங்கும் என்விடியாவின் கியூடா, ஆப்டிக்ஸ் இரண்டுக்கும் பழகிய என் மாதிரி ஆட்களுக்கு என்விடியாவை விட்டு நகர மனம் வருவதில்லை. தம்பி இதை அடிமைத்தனம் என்கிறான். சொல்லட்டும், வாடகை கொடுப்பது நான்.

சரி, என்விடியாவுக்கு வருவோம்.

உபுண்டுவைப் புதிதாகப் போட்டதும் என்விடியா கார்டிலும் திரை வரும், மவுஸ் நகரும், யூடியூப் ஓடும். அதைப் பார்த்து டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்துவிடுவது சுலபம். அங்கே ஓடிக்கொண்டிருப்பது நூவோ. என்விடியாவிடமிருந்து பெரிய உதவி எதுவும் இல்லாமல், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே வெளியாட்கள் எழுதிய திறந்த டிரைவர். அதை எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 2014 வாக்கில் வந்த கார்டுகளிலிருந்து, என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது என்றாகிவிட்டது. என் 1060 அந்த வகை. நூவோவில் அது தூக்கத்திலேயே நடக்கிறது. பிளெண்டரின் செட்டிங்ஸைத் திறந்து கியூடா பக்கத்தைப் பார்த்தால் கார்டின் பெயரே இருக்காது. 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது இந்த மாதிரி ஒத்துழையாமைக்காகத்தான். அந்த ஒரு காட்சியை வைத்தே இன்றுவரை காலம் ஓட்டுகிற விமர்சகர்கள் உண்டு. 2022 மே மாதம், 515 பதிப்போடு, கெர்னலுக்குள் போகும் பகுதியை என்விடியா திறந்த மூலமாக வெளியிட்டது. 2024-இல் வந்த 560-லிருந்து புதிய கார்டுகளுக்கு அந்தத் திறந்த மாட்யூல்தான் இயல்பான தேர்வு. மேல்பாதி இன்னமும் மூடிய பெட்டிதான். ஆனாலும் 2012-இன் கோபத்தை அப்படியே இன்றைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

நிறுவுவதற்கு உபுண்டுவில் நல்ல வழி என்றால் ஒன்றுதான், அதற்கு இரண்டு மூன்று வாசல்கள். உபுண்டுவைப் போடும்போதே கிராபிக்ஸுக்கும் வைஃபைக்கும் வெளியார் மென்பொருள் போடவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் அடித்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே விட்டுவிட்டால் பிறகு அடிஷனல் டிரைவர்ஸ் என்ற சின்ன செயலி. டெர்மினல் பிரியர்களுக்கு சூடோ போட்டு உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்ற ஒரு வரி. மூன்றும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. சில நூறு எம்பி இறங்கும், நெட் வேகத்தைப் பொறுத்து ஒரு டீ குடிக்கும் நேரம்.

அடிஷனல் டிரைவர்ஸின் பட்டியலுக்கு மட்டும் என்னால் நல்ல மதிப்பெண் போட முடியாது. அறியாத ஆள் அதைத் திறந்தால் மிரண்டுதான் போவார். 535, 550, 570, 580 என்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓபன் என்று ஒன்று, சர்வர் என்று ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று. எதை எடுப்பது என்று அங்கே ஒரு வரி விளக்கம் கிடையாது. நான் எல்லோருக்கும் சொல்வது: பெயரில் சர்வர் என்று வருகிற எதையும் தொடாதீர்கள், அது டேட்டா சென்டர்காரர்களுக்கு. ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, ஜிடிஎக்ஸ் 16 வரிசை, அதற்கு மேல் எதுவானாலும் ஓபன் என்று இருப்பதை எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓபன் மட்டும்தான் வேலை செய்யும், மூடிய மாட்யூல் அந்தக் கார்டைத் தொடவே தொடாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்கு முந்தையதும் நேர் எதிர், அவற்றுக்கு மூடிய மாட்யூல் தவிர வேறு வழி இல்லை. காரணம், திறந்த மாட்யூல் தன் வேலையில் பெரும்பங்கை கார்டுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற சின்ன பிராசஸரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த பிராசஸர் 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. யோசிக்கவே நேரமில்லை என்றால் ரெக்கமண்டட் என்று பக்கத்தில் போட்டிருப்பதை எடுத்துவிட்டு எழுந்து போங்கள், பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும்.

அடுத்தது செக்யூர் பூட். கெர்னலுக்குள் நுழையும் எதுவும் நம்பிக்கையான கையெழுத்தோடு வர வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் கெர்னலுக்கென்று, உபுண்டுவைத் தயாரிக்கும் கேனானிகல் ஏற்கெனவே கட்டிக் கையெழுத்திட்டு வைத்த மாட்யூல் இருந்தால் உங்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. உங்கள் கணினியிலேயே மாட்யூல் கட்டப்படும் நிலை வந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. அது எதற்கு என்று பலருக்கும் அப்போது புரியாது. ரீபூட் செய்ததும் நீல நிறத்தில், 90-களின் வாசனையோடு ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று 10-லிருந்து கீழே எண்ணும். அதற்குள் அழுத்தி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ் என்று போய், முன்பு கொடுத்த பாஸ்வேர்டை அடித்தால்தான் உங்கள் கணினியின் கையெழுத்து ஏற்கப்படும். அந்த நேரம் பார்த்து நீங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் திரை பேசாமல் உபுண்டுவுக்குள் போய்விடும். டிரைவர் போட்டது போலவும் இருக்கும், ஓடவும் ஓடாது. என்விடியா வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதுதான்: நீலத் திரை வந்ததா, நீங்கள் என்ன செய்தீர்கள்? பாதிப் பேர் ஏதோ வந்தது, போய்விட்டது என்பார்கள். செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிடு என்று யோசனை சொல்லும் ஆட்களும் உண்டு. வேலை நடக்கும்தான். ஆனால் ஒரே ஒரு தடவை செய்யவேண்டிய சடங்குக்குப் பயந்து வாசல் கதவையே கழற்றி வைப்பானேன்?

போட்டபின் சரிபார்க்க டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ என்று அடியுங்கள். கார்டின் பெயர், டிரைவர் எண், சூடு, எவ்வளவு மெமரி போகிறது என்று ஒரு கட்டம் வந்தால் எல்லாம் நலம். ரெண்டர் ஓடும்போது நான் இதையே ஓரமாகத் திறந்து வைத்துக்கொள்வேன், 4 ஜிபி கார்டில் மெமரி எப்போது நிரம்பும் என்று தெரிவது நல்லது.

இனி, போகக் கூடாத வழி. விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் முதலில் செய்வது நேராக என்விடியாவின் இணையதளத்துக்குப் போய் டாட் ரன் என்று முடியும் கோப்பை இறக்குவதுதான். விண்டோஸில் அதுதான் சரியான வழி, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்டியை மாற்றக் கொடுத்த கடையில், அங்கிருந்த தம்பி, அக்கா டிரைவரையும் போட்டே தந்துவிடுகிறேன் என்று அந்தக் கோப்பைத்தான் போட்டுக் கொடுத்திருந்தார். வாங்கி வந்த அன்று அருமையாக ஓடியது. பிறகு உபுண்டு தன் பாட்டுக்குக் கெர்னலைப் புதுப்பித்தது. மறுநாள் காலை ஆன் செய்தால் கருப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சரவணம்பட்டிக்காரர் ஒருவருக்கு அன்று மதியம் வீடியோ கொடுத்தாக வேண்டும்.

கெர்னல் மாட்யூல் என்பது அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. கெர்னல் மாறினால் பழையது சேராது, புதிய அளவுக்குத் திரும்பத் தைக்க வேண்டும். உபுண்டு தரும் பேக்கேஜ் வழியாகப் போயிருந்தால், புதிய கெர்னலோடு அதற்கேற்ற மாட்யூலும் சேர்ந்தே வரும். அப்படி வராத இடத்தில் டிகேஎம்எஸ் என்ற கருவி ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அங்கேயே கட்டிக் கொடுக்கும். டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் 2003-இல் எழுதிய கருவி அது, இன்றுவரை நமக்காக உழைக்கிறது. டாட் ரன் கோப்பும் நிறுவும்போது டிகேஎம்எஸ்ஸில் பதியட்டுமா என்று கேட்கத்தான் செய்கிறது. கடைக்காரத் தம்பி அதற்கு நோ சொல்லியிருக்கிறார். போதாததற்கு, அந்தக் கோப்பு போட்டது எதுவும் உபுண்டுவின் பேக்கேஜ் கணக்கில் ஏறாது. எது எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாதபோது எதைப் புதுப்பிக்கும்?

இந்த நிலைமை உங்களுக்கு வந்தால் பதறி உபுண்டுவையே திரும்பப் போடாதீர்கள். ஆன் செய்யும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் மெனு வரும், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் இருக்கும். அதில் நுழைந்தால் திரை பெரும்பாலும் வந்துவிடும். நான் அப்படித்தான் முதலில் வீடியோவை ரெண்டர் செய்து அனுப்பினேன். அப்புறம் என்விடியா-அன்இன்ஸ்டால் கட்டளையால் அந்தக் கோப்பு போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு, உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் கொடுத்து, ரீபூட் செய்தேன். பழைய கெர்னலிலும் திரை வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும், லாகின் செய்து இதே வேலையை அங்கிருந்தே முடிக்கலாம். கடைக்குப் பிறகு போனபோது அந்தத் தம்பியிடம் சொன்னேன். நல்ல பையன், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

என்விடியா எழுதிக் கொடுக்கும் சரக்கு எங்கும் ஒன்றுதான். அதை வாங்கி, நம் கெர்னலுக்குப் பொருத்தி, கையெழுத்திட்டு, அடுத்த அப்டேட்டிலும் உடையாமல் பார்த்துக்கொள்கிற பேக்கேஜ்காரர்களின் வேலையைத்தான் நாம் டிரைவர் நன்றாக இருக்கிறது, இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸில் அந்த வேலையை ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற பேக்கேஜ் களஞ்சியம் செய்கிறது. அங்கே போட்டவுடன் ரீபூட் செய்துவிடக் கூடாது, பின்னால் மாட்யூல் கட்டி முடிய 5 நிமிடம் வரை பொறுக்க வேண்டும். டெபியனில் மூடிய மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ பகுதியைத் திறந்துவிட்டால் போதும், பதிப்பு மட்டும் சற்றுப் பழையதாக இருக்கும். பாப் ஓஎஸ்ஸில் என்விடியாவுக்கென்றே தனி ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் கோப்பு, கிடைக்கிறது, டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். லினக்ஸுக்குப் புதிய ஆளுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

ஓடத் தொடங்கியபின் வரும் சில்லறைத் தொல்லைகள் சில உண்டு. டிரைவரின் கெர்னல் பாதியும் மேல்பாதியும் ஒரே எண்ணில் இருந்தாக வேண்டும். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்களைத் தானே போட்டுக்கொள்ளும், அப்போது மேல்பாதி மாறிவிடும், ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல் மாறாது. உடனே என்விடியா-எஸ்எம்ஐ, பதிப்பு பொருந்தவில்லை என்று கத்தும், பிளெண்டரில் கார்டு மறைந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ரீபூட்டோடு தீரும். ஆனால் இரவு முழுவதும் ஓடவேண்டிய ரெண்டரைத் தொடங்கும் முன் அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று ஃபிளாட்பாக், தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து வரும் செயலிப் பொட்டலம். ஃபிளாட்பாக் செயலிகள் கணினியின் என்விடியா நூலகங்களைப் பயன்படுத்தாது, அதே எண்ணுள்ள தனிப் பிரதி ஒன்று அவற்றுக்கு வேண்டும். டிரைவர் புதிதானபின் ஃபிளாட்பாக் அப்டேட் கொடுக்கவில்லை என்றால் அந்தச் செயலிகள் மட்டும் கார்டு இல்லாதது போல இழுத்துக்கொண்டு நிற்கும். பிளெண்டரை நான் அதன் தளத்திலிருந்தே இறக்கி நேராக ஓட்டுவது இதனால்தான்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருப்பதால் எது எப்போது ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் பிரைம் என்ற விஷயம் சேர்கிறது. ஆன்-டிமாண்ட் என்பதில் விட்டுவிடுங்கள். திரையை பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும், 3050 அழைத்தால் மட்டும் எழுந்திருக்கும். எப்போதும் என்விடியா என்று வைத்தால் பேட்டரி கண்ணெதிரே கரையும், மடியும் சுடும். பிளெண்டர் ரெண்டர் எந்த நிலையிலும் 3050-ஐத் தானே கண்டுபிடித்துவிடுகிறது, அதனால் எனக்கு மாற்றவேண்டிய தேவையே வந்ததில்லை.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்ட் பற்றிக் கேட்பார்கள். பழைய குறை, செயலிகளின் ஜன்னல்கள் மினுக்மினுக்கென்று ஆடுவது. 2024-இல் 555 பதிப்பில், வரைந்து முடித்தபின்தான் காட்டு என்று ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வந்தபின் அந்தப் புகாருக்குப் பெரும்பாலும் வேலையில்லாமல் போனது. உபுண்டுவும் 24.10-லிருந்து என்விடியா கணினிகளில் வேலேண்டையே இயல்பாக்கிவிட்டது. என்னுடையது 24.04 என்பதால் பழைய முறையான எக்ஸ்ஆர்க்கில்தான் நுழையும், நானும் மாற்றிக்கொள்ளவில்லை. ஓடுகிற வண்டி.

மதிப்பெண் கேட்டால், உபுண்டுவின் பேக்கேஜ் வழிக்கு 5-க்கு 4. போன ஒன்று அந்தக் குழப்பப் பட்டியலுக்கும் நீலத் திரைக்கும் சேர்த்து. டாட் ரன் கோப்புக்கு, வீட்டில் கணினி வைத்திருக்கும் சாதாரண ஆளின் கண்ணோட்டத்தில், 1. புத்தம் புதிய கார்டோடு சோதனை செய்கிறவர்கள் அதை வேறு மாதிரி எடைபோடலாம். தம்பியின் ரேடியானுக்கு கேமில் 5, என் வேலையில் 3.

டிரைவரைவிட முக்கியமான ஒன்று, எந்தக் கார்டுக்கு அது இன்னும் எத்தனை நாள் வரும் என்பது. என் 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறையையும், அதற்கு முந்தைய மேக்ஸ்வெல்லையும் ஆதரிக்கும் கடைசி டிரைவர் கிளை 580 என்று 2025-இல் என்விடியா அறிவித்துவிட்டது. அதே ஆண்டில் வந்த கியூடா 13-உம் இவற்றைக் கைவிட்டது. அந்த டிசம்பரில் 590 வந்தபோது ஆர்ச் லினக்ஸ்காரர்கள் வழக்கம்போல அப்டேட் கொடுத்தார்கள், பழைய கார்டுக்காரர்கள் 580-ஐத் தனியாகத் தேடிப்போட வேண்டியதாயிற்று. உபுண்டுவில் 580 பட்டியலில் இருப்பதால் எனக்கு இப்போதைக்குத் தொல்லை இல்லை. ஆனால் இன்றைக்கு ரிச்சி தெருவிலோ இணையத்திலோ செகண்ட் ஹேண்டில் 1070, 1080 மலிவாகக் கண்ணில் பட்டால், லினக்ஸில் வேலைக்கென்றால் விட்டுவிடுங்கள். 1660 கிடைத்தால் எடுக்கலாம், டூரிங் என்பதால் திறந்த மாட்யூலில் ஓடும். லேப்டாப் என்றால் ஸ்டிக்கரை நன்றாகப் படியுங்கள்: எம்எக்ஸ்350 பாஸ்கல், எம்எக்ஸ்450 டூரிங். விற்கிறவர் இரண்டையும் ஒன்றென்றுதான் சொல்வார்.